நாங்கள் வைத்த பெயர்

ஓர் இத்தாலியப் பிரபுவைப் பற்றி, அதுவும் எழுநூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஒருவரைப் பற்றி, அடுத்த ஒழுங்கையில் இருந்த ஆளைப்போலக் கதைத்த தமிழர் மெல்பேர்னில் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, நாங்கள் பெற்றோர் சுற்றி இருந்து தேநீர் குடிப்போம். கிளென் வேவர்லியில் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கூட எல்லைக்குள் வருகிறது என்பதுதான் அங்கே வழமையான பேச்சு. அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டே வந்து, "உந்த எல்லைச் சண்டை பிரபுவின்ரை ஊரிலையும் இருந்தது அக்கா" என்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

அவரை எல்லோரும் பிரபு என்றுதான் கூப்பிட்டோம். பிள்ளைகளுக்குப் பிரபு அங்கிள். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாக வந்தபோதே அவர் அங்கே பிரபுவாக இருந்தார். தன் பெயர்க்காரன் என்பதால்தான் அந்த இத்தாலிக்காரரில் இவருக்கு இத்தனை ஒட்டு என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் படகில் வந்தவர். வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேஜராக இருந்தவர். இங்கே கிளேட்டனில், பல்கலைக்கழக நூலகத்தின் மூன்று தளங்களைக் கூட்டித் துடைத்தார். தற்காலிக வீசா. மனைவியும் மகளும் கிளிநொச்சிப் பக்கம். வெளிக்கிடும்போது மகளுக்கு மூன்று வயது. நான் சொல்கிற காலத்தில் அவளுக்குப் பதினான்கு. வீசா நிரந்தரமானால் அவர்களைக் கூப்பிடலாம். அது ஒன்றுக்காகத்தான் அவர் இந்த நாட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அதை வாயால் சொல்லிக் கேட்டவர் எவருமில்லை. எதையும் கேட்காமல் இருப்பது அவருக்கு ஒரு நோய்போல இருந்தது.

அந்தப் புத்தகம் அவருக்குக் கிடைத்த கதையே அதற்குச் சாட்சி. நூலகத்தில் யாரும் இரவல் வாங்காத புத்தகங்களைக் கழித்து, ஒரு தள்ளுவண்டியில் வைத்து, எறிவதற்கு வெளியே விட்டிருந்தார்களாம். மேலே கிடந்தது அந்தப் பிரபுவின் வாழ்க்கை வரலாறு. தடித்த புத்தகம். குப்பைக்குப் போகிற சாமானை எடுப்பதற்கு எங்களில் யாராவது இரண்டாம் முறை யோசிப்போமா? இவர் மேற்பார்வையாளரான ஒரு கிரேக்கரைத் தேடிப் போய், எடுக்கலாம் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். அந்தக் கிரேக்க மனுசன் சிரித்துவிட்டு, வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் 'இவர் இந்தப் புத்தகத்தை எடுக்கலாம்' என்று கிறுக்கிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாராம். அந்தக் கடதாசியைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியே வைத்திருந்தார். எனக்குத் தெரிய அவர் இந்த நாட்டில் கேட்டு வாங்கிய ஒரே அனுமதி அதுதான்.

அகராதியை வைத்து ஒரு நாளுக்கு அரைப் பக்கம் என்று மூன்று வருடம் படித்தார். அவருடைய ஆங்கிலமும் அதனால் ஒரு மாதிரியான ஆங்கிலம் ஆகிவிட்டது. முற்றுகை, சரணாகதி, வம்சம் என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொல் தெரியும். தொலைபேசிக் கம்பனிக்காரன் கேட்கிற சாதாரணக் கேள்விக்குத் தடுமாறுவார்.

ஒரு முறை எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து அந்தக் கதையை முழுவதாகச் சொன்னார். பள்ளிக்கூட விழாவுக்கு மேசைகள் ஏற்ற வந்திருந்தார். நான் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"மலைக்கு மேலை ஒரு சின்னப் பட்டணம் அக்கா. ஒவ்வொரு பெரிய குடும்பமும் ஒவ்வொரு கோபுரம் கட்டி வைச்சிருக்கும். கட்டிப்போட்டு அதிலை ஏறி நிண்டு மற்றக் குடும்பத்துக்குக் கல்லெறியும்."

"எங்கட கோயில் நிர்வாகம் மாதிரி" என்றேன்.

"ஓம். ஆனால் அங்கை கோபுரம் கூட."

கதை இதுதான். பிரபுவின் கட்சி ஒரு சண்டையில் தோற்றது. இரவோடிரவாகக் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டது பிரபுவின் ஒன்றுவிட்ட தம்பி. பழி பிரபுவின் தலையில். அவர் வெளியூரில் நின்றார், திரும்பிப் போக முடியவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் துரோகியைப் பிடிக்க முடியாவிட்டால் அவனுடைய படத்தை நகரசபைச் சுவரில் வரைந்துவிடுவார்களாம். ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி. கீழே பெரிய எழுத்தில் பெயர். கூலிக்கு வந்த ஓவியன் பிரபுவைக் கண்டதே இல்லை. தாடியே இல்லாத மனிதருக்குச் சிவப்புத் தாடி வைத்து வரைந்துவிட்டான்.

"முகம் வேறை ஆற்றையோ. பேர் மட்டும்தான் அவற்றை" என்றார். "சனம் முகத்தையே பாக்கும் அக்கா? வாசிக்கத் தெரிஞ்சவன் பேரை வாசிச்சுச் சொல்லுவான். மற்றவை நம்புவினம்."

பல வருடங்களுக்குப் பிறகு நகரசபை மன்னிப்புத் தர முன்வந்தது. வெறுங்காலோடு, கழுத்தில் கயிறும் கையில் மெழுகுதிரியுமாகப் பட்டண வாசலில் இருந்து தேவாலயம் வரை நடந்து, நான் செய்தது துரோகம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள், காணியும் வீடும் திரும்பக் கிடைக்கும். பிரபு மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒருக்கா ஓமெண்டு சொன்னால், பிழையா வரைஞ்ச படம் சரியான படமாப் போயிடும்" என்றார் எங்கள் பிரபு. அதைச் சொல்லும்போது அவருடைய கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்ததை நான் பார்த்தேன்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. "அவற்றை மனிசி என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

அவர் எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளினார். "மூண்டு தரம் நகரசபைக்கு மனுக் குடுத்தவவாம். அவவைப் பற்றி அவ்வளவுதான் எழுதியிருக்கு."

பிறகு மேசைகளை ஏற்றப் போய்விட்டார். கட்லட் இரண்டை ஒரு பெட்டியில் போட்டு நீட்டினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

இன்னொரு முறை, யூலை மாதக் குளிரில் மெல்லிய சட்டையோடு மண்டப வாசலில் நின்றார். இவருடைய பழைய கம்பளி ஓவர்கோட் ஒன்று காரில் கிடந்தது. இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. அதை எடுத்துக் கொடுத்தேன். முகத்தை முறிக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை அது கழுவி, அழுத்தி, ஒரு கொழுவியில் தொங்கியபடி எனக்குத் திரும்பி வந்தது.

"பிரபு பத்தொன்பது வருசம் மற்றவையின்ரை கோட்டையிலை இருந்தவர் அக்கா. சாப்பாடு அவையின்ரை. உடுப்பு மட்டும் கடைசி மட்டும் தன்ரை."

நான் இதை வீட்டில் சொன்னபோது இவர் ஒரே சொல்லில் முடித்தார். "கெப்பர்." நானும் சிரித்தேன். கெப்பர் எங்கள் ஊர்ச் சொல். இல்லாதவன் தலை நிமிர்த்தினால் அது கெப்பர். இருக்கிறவன் நிமிர்த்தினால் அதைத் தன்மானம் என்போம், குடும்பப் பழக்கம் என்போம், இப்படி எத்தனையோ நல்ல சொற்கள் இருக்கின்றன.

அவருடைய வீசா வழக்கு மீளாய்வு விசாரணைக்கு வந்தது. அதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. டன்டினோங்கில் அவரோடு ஒரு வீட்டில் இருந்த நண்பர் ஒருவர்தான் என்னிடம் வந்தார். சமூகத்தில் நல்ல நிலையில் உள்ளவர்கள் நற்சான்றுக் கடிதம் கொடுத்தால் வழக்குக்குப் பலம் என்று வழக்கறிஞர் சொன்னாராம். "அவன் செத்தாலும் கேக்க மாட்டான் அக்கா. நீங்களாச் செய்தால்தான் உண்டு."

என்னுடைய ஆங்கிலக் கடிதங்களுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. நான் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து, பள்ளிக்கூடக் கடிதத்தலைப்பில், இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஏழு வருடமாக அவரை அறிவோம், நேர்மையாளர், எதையும் இனாமாகப் பெறாதவர் என்றெல்லாம். முழுப்பெயர் எழுதவேண்டும் என்பதால் நண்பரிடம் தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு வாங்கி, பிரபு என்பதோடு சேர்த்தேன். பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டு வைத்தியர்கள், ஒரு பேராசிரியர், கணக்காளர்கள், இவர், நான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று ஒருவர் கையெழுத்து வைத்தபடியே சொன்னார். நண்பர் கடிதத்தை நேரே வழக்கறிஞரிடம் கொண்டுபோனார். நான் நல்ல காரியம் செய்த திருப்தியோடு இருந்தேன்.

விசாரணை நடந்து இரண்டு நாளில் வழக்கறிஞர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இளம் பெண், வெள்ளைக்காரி, குரல் களைத்திருந்தது. அவர் ஒரு பெயரைச் சொல்லி, அவர் விடயமாக என்றார். நான் அப்படி ஒருவரைத் தெரியாது என்றேன். நீங்கள் பிரபு என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்தான் என்றார். கடிதத்தைக் கடைசி நேரத்தில் மற்றக் கடதாசிகளோடு சேர்த்தபோது பெயரைத் தான் கவனிக்கவில்லை என்றும் சொன்னார்.

ஏழு வருடம் நேர்மையாளர் என்று நான் சான்று கொடுத்த மனிதரின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் இப்போது இருக்கிற இடத்தில் அது எழுதப்படாமல் இருப்பது நல்லது.

விசாரணை அதிகாரி கடிதத்தை எடுத்துவைத்து, உங்களுக்கு இன்னொரு பெயர் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். வன்னியில் இருந்து வந்த ஆணுக்கு இன்னொரு பெயர் இருந்தால் அதன் அர்த்தம் என்ன என்று எங்களில் யாருக்கு விளக்கவேண்டும்? அது இயக்கப் பெயர், புலிகளில் இருந்தவனுக்கு வைக்கிற பெயர். அந்த அதிகாரியும் அதைப் படித்து வைத்திருந்தார். யார் வைத்த பெயர் என்று கேட்டிருக்கிறார். எங்கள் பிரபு எங்களில் ஒருவருடைய பெயரையும் அங்கே இழுக்க விரும்பாமல், மரியாதையாக, "எங்கட பெரியாக்கள் வைச்ச பேர்" என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் 'எங்கள் தலைவர்கள் வைத்த பெயர்' என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பிரபு அதைத் திருத்தப் பார்த்திருக்கிறார். இது ஒரு இத்தாலியப் பிரபுவைப் பற்றிய பகிடி, நான் வாசித்த புத்தகம், பதினான்காம் நூற்றாண்டு என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டாராம்.

"உங்களில் ஒருவர், அந்தப் பெயரை யார், எப்போது, ஏன் வைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும்" என்றார் வழக்கறிஞர். "தேவைப்பட்டால் தொலைபேசியில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரும். இரண்டு கிழமை தந்திருக்கிறார்கள்." நிச்சயமாக என்றேன்.

அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். இவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சிரித்தார்.

"உது நான் வைச்ச பேரெல்லே. ஒரு பொங்கல் விழாவிலை, எங்கட பிரபு வாறார் எண்டு பகிடிக்குச் சொன்னனான். அப்பிடியே பிடிச்சிட்டுது."

"அப்ப நீங்கள் கடிதத்திலை கையெழுத்து வைக்கேக்கை பாக்கேல்லையோ?"

"நீர் எழுதினது சரியா இருக்கும் எண்டு வைச்சிட்டன்."

"அப்ப உதை எழுதிக் குடுங்கோ. நீங்கள் வைச்ச பேர் எண்டு."

சிரிப்பு நின்றது. இவர் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கிறார். இடைக்கிடை பின்னணி விசாரணை நடக்கும். "இயக்கம் எண்ட சொல் இருக்கிற ஃபைலுக்குள்ளை என்ரை பெயர் போகக்கூடாது" என்றார். "நீரும் எழுதக்கூடாது. ஒரே வீடு."

மற்ற எட்டுப் பேரையும் அழைத்தேன். ஒருவருக்கு மகளின் கலியாணம். ஒருவர் நாட்டில் இருக்க மாட்டார். பேராசிரியர் சட்ட நுணுக்கங்கள் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். அடம்பன் கொடிக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இரண்டாவது கிழமை முடிகிற அன்று நான் வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அந்தப் பெயர் எவ்வாறு வந்தது என்பது எங்களில் எவருக்கும் சரியாக நினைவில்லை, வருந்துகிறோம் என்று. பிழையில்லாத ஆங்கிலம். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுருக்கமான கடிதம் அதுதான், அதில் உள்ளது முழுப் பொய்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தீர்ப்பில் 'பிரபு என்ற பெயராலும் அறியப்படுபவர்' என்று எழுதியிருந்ததாம். அவர் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் கதிரை அடுக்க ஆளில்லை என்று பெற்றோர் குறைப்பட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில், ஒரு சனிக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. அவர்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இவர் பின்வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் அவர் குரலைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது.

"திரும்பிப் போறதுக்குக் கையெழுத்து வைச்சிட்டன் அக்கா. மனிசிக்குச் சுகமில்லை. மகளும் தனிய. இஞ்சை இருந்து இனி என்னத்துக்கு?"

"கடிதத்திலை பேர் பிழை எண்டு உமக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன். அவரை நான் எப்போதும் நீர் என்றுதான் கதைத்தேன். அவர் என்னை நீங்கள் என்பார். எனக்கும் அவருக்கும் ஐந்து வயதுகூட வித்தியாசம் இல்லை.

"விசாரணைக்கு முதல் நாள்தான் பாத்தனான். பத்துப் பெரிய மனிசர் கையெழுத்து வைச்சுத் தந்த கடிதம். திரும்பவும் எழுதுங்கோ எண்டு கேக்க மனம் வரேல்லை." பிறகு அவரே, "நீங்களெல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடேக்கை எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. இஞ்சை வேறை ஆர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது?" என்றார்.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவர் போகாமல் நின்றார். ஏழு வருடத்தில் அவர் எந்த வாசலிலும் இப்படித் தயங்கி நின்று நான் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு உதவி." சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். "கட்டுநாயக்காவிலை இறங்கினவுடனை விசாரிப்பினம். உந்தத் தீர்ப்பு அவையின்ரை கையிலையும் இருக்குமோ தெரியாது. அந்தப் பேர் நீங்கள் பகிடிக்கு வைச்சது, அதிலை வேறை ஒண்டுமில்லை எண்டு என்ரை சொந்தப் பேரிலை ஒரு கடிதம் தந்தால், காட்டலாம். ஒரு கையெழுத்துப் போதும். உங்கட மட்டும்."

பின்வளவில் இயந்திரம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

"இவரிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறனே" என்றேன்.

"ஓம் அக்கா. கேட்டுச் சொல்லுங்கோ. வாற கிழமைக்கடுத்த கிழமை வியாழக்கிழமை பிளைட். போட்டு வாறன்."

படலையைச் சாத்திவிட்டுப் போனார். அதன்பின் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அவர் ஒருமுறைகூட அழைத்து நினைவூட்டவில்லை.

விமான நிலையத்தில் அவரை இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். பிறகும் மாதத்துக்கு ஒருமுறை ஒரு முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறாராம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். டன்டினோங் நண்பர் இதை மண்டப வாசலில் நின்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினோம். புருசன்காரன் வேண்டாமென்றால் அக்கா என்ன செய்வா என்று யாரோ என் பக்கம் கதைத்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இவர் அன்று புல்லு வெட்டி முடித்து உள்ளே வந்து, "ஆர் வந்தது?" என்று கேட்டார். யாரோ பத்திரிகை போடுகிற ஆள் என்றேன். நான் இவரிடம் கேட்கவே இல்லை.